கண்ணாடி மாளிகையின் மணத்தைக் குப்பியில் அடைத்து விற்க: பிரிட்டனில் சிறிதாகத் தொடங்குவோருக்கு

லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் பாம் ஹவுஸ் என்னும் கண்ணாடி மாளிகைக்குள் காலடி வைத்ததும் மூக்குக்கண்ணாடி பனித்துவிடும். கண் தெரியாமல் நிற்கும் அந்த அரை நிமிடத்தில் மூக்கு மட்டுமே வேலை செய்யும். ஈர மண், நசுங்கிய இலை, நனைந்த இரும்பு, எங்கோ ஒரு பூ. அந்த அரை நிமிடத்தைத் தாவர மூலப்பொருள்களைக் கொண்டு ஒரு வாசனைத் திரவியமாக்கி, சட்டப்படி விற்பனைக்குக் கொண்டுவர எனக்குப் பதினான்கு மாதங்கள் ஆயின. அவற்றில் ஏறத்தாழ ஆறு மாதங்கள் வீணானவை. மணத்தை முதலில் முடித்துவிட்டு, அதற்குரிய ஆவணங்களைப் பிறகு தேடப் புறப்பட்டதே காரணம். கீழே உள்ள வரிசை நான் செய்த வரிசை அன்று. மறுபடி தொடங்கினால் செய்யக்கூடிய வரிசை.

இது இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகியவற்றில் விற்பவர்களுக்கானது. வட அயர்லாந்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் அழகுப்பொருள் விதிகளே நடைமுறையில் இருப்பதால், அங்கு விற்பதைத் தனி வேலையாகக் கருத வேண்டும்.

1. முதலில் மூக்கால் குறிப்பெடுங்கள்

எந்தக் கண்ணாடி மாளிகை என்பதை உறுதியாகத் தீர்மானியுங்கள். "பொதுவாக ஒரு பசுமை இல்லம்" என்று தொடங்கினால் கலவை எங்கும் போய்ச் சேராது. 1844 முதல் 1848 வரை கட்டப்பட்ட பாம் ஹவுஸ் வெப்பமண்டலக் காட்டின் வெக்கையை உள்ளே வைத்திருப்பது. கொக்கோ, காப்பி, ரப்பர், பனை வகைகள் அங்கே வளர்கின்றன. கிளாஸ்கோவின் கிபிள் பேலஸ் முற்றிலும் வேறு. அங்கே மரப்பெரணிகளின் குளிர்ந்த, பாசி படிந்த மணமே மேலோங்கும். பூ மணத்தைத் தேட வேண்டியிருக்கும். கிபிள் பேலஸுக்கு நுழைவுக்கட்டணம் இல்லை, கியூவுக்கு உண்டு. பழைய கட்டடங்கள் பழுதுபார்ப்புக்காக நீண்ட காலம் மூடப்படுவது வழக்கமாதலால், பயணச்சீட்டு வாங்குமுன் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

குறைந்தது மூன்று முறை, முடிந்தால் வெவ்வேறு பருவங்களில், கதவு திறந்த முதல் மணி நேரத்தில் செல்லுங்கள். அன்று நீங்கள் எந்த நறுமணமும் பூசியிருக்கக் கூடாது. பெயர்ப்பலகையைப் படிப்பதற்கு முன்பே மணத்தை எழுதிவிடுங்கள். பெயரைப் படித்துவிட்டால் மூக்கு பெயரைத்தான் முகரும். இலையோ பூவோ பறிக்காதீர்கள். அது பூங்கா விதிக்கு மாறானது மட்டுமல்ல, ஒரு கைப்பிடி இலையிலிருந்து பயன்படத்தக்க எண்ணெய் கிடைக்காது. பெரணிகளிலிருந்தும் பெரும்பாலான ஆர்க்கிட் பூக்களிலிருந்தும் வாசனைத் தொழில் பெரும்பாலும் எண்ணெய் எடுப்பதில்லை. அந்த மணங்களை வேறு செடிகளைக் கொண்டு உருவாக்கவேண்டும் என்பதை இங்கேயே மனத்தில் கொள்ளுங்கள்.

2. பெயரை இப்போதே சோதியுங்கள்

புகழ்பெற்ற பூங்காக்களின் பெயர்கள் வணிகக்குறிகளாகப் பதிவாகியிருக்கும். "இந்த மாளிகையால் தூண்டப்பட்டது" என்று விளக்கக் குறிப்பில் எழுதுவது ஒன்று. பூங்காவின் பெயரைக் குப்பியின் முகப்பில் போடுவது வேறொன்று. பின்னதற்கு எழுத்துமூல அனுமதி வேண்டும். கட்டடத்தின் படத்தை வணிகத்துக்குப் பயன்படுத்துவதற்கும் தனி அனுமதி கேட்பார்கள்.

நீங்களாகச் சூட்டும் பெயரை அறிவுசார் சொத்து அலுவலகத்தின் இணையப் பதிவேட்டில் மூன்றாம் வகுப்பில் தேடுங்கள். வாசனைத் திரவியங்கள் அந்த வகுப்பைச் சேர்ந்தவை. தேடுவதற்குக் கட்டணம் இல்லை. பதிவு செய்வது கட்டாயமில்லை. நான் விண்ணப்பித்தபோது ஒரு வகுப்புக்கு 170 பவுண்டு கட்டினேன். கட்டணம் மாறக்கூடியது, அன்றைய தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் வெளியிடப்பட்ட பிறகு பிறர் எதிர்ப்புத் தெரிவிக்க இரண்டு மாதங்கள் உண்டு, அதை மூன்றாக நீட்டிக்கவும் முடியும். எனவே அந்தக் காலம் கடக்குமுன் ஆயிரம் லேபிள்களை அச்சிட்டுவிடாதீர்கள்.

3. ஆவணம் இல்லாத எண்ணெயை வாங்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். விற்பனைக்கு முன் உங்கள் கலவையை ஒரு தகுதிபெற்ற மதிப்பீட்டாளர் ஆராய்ந்து கையொப்பமிட வேண்டும். அவர் உங்கள் குப்பியை முகர்ந்து பார்த்துச் சொல்லப்போவதில்லை, காகிதத்தைத்தான் படிக்கப்போகிறார். ஒவ்வொரு மூலப்பொருளுக்கும் அதை விற்றவர் தந்த நான்கு தாள்கள் தேவை: பாதுகாப்புத் தரவுத் தாள், அந்தக் குறிப்பிட்ட தொகுதிக்கான பகுப்பாய்வுச் சான்று, ஒவ்வாமைப் பொருள்களின் விழுக்காட்டைக் காட்டும் அறிக்கை, இஃப்ரா சான்று. இஃப்ரா என்பது வாசனைத் தொழிலின் பன்னாட்டுச் சங்கம். அதன் உச்சவரம்புகள் சட்டம் அல்ல. ஆனால் மதிப்பீட்டாளர்கள் அவற்றைச் சட்டத்துக்கு அடுத்தபடியாகவே மதிக்கிறார்கள்.

ஈர மண்ணின் மணத்துக்காக நான் மிட்டி அத்தர் வாங்கினேன். சுட்ட களிமண்ணை நீராவியில் வடித்து, அந்த ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கி, உத்தரப்பிரதேசத்தின் கன்னோஜ் நகரில் செய்வது அது. மண் எப்படித் தாவர மூலமாகும் என்று கேட்டால் என்னிடம் நேரான பதில் இல்லை. செடி அதில்தானே வேரூன்றி நிற்கிறது என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். மணம் அற்புதமாக இருந்தது, கலவை முழுவதையும் அதைச் சுற்றியே கட்டினேன். நான்கு மாதங்கள் கழித்துத் தாள்களைக் கேட்டபோது, எனக்கு விற்ற சிறு வியாபாரியிடம் ஒரு தாளும் இல்லை. மதிப்பீட்டாளர் திருப்பி அனுப்பிவிட்டார். வெட்டிவேர், பச்சோலி, கோரை இனத்தைச் சேர்ந்த சிப்ரியோல் ஆகிய மூன்றையும் கொண்டு அந்த மண் மணத்தை மீண்டும் கட்ட வேண்டியதாயிற்று. நல்ல மிட்டி அத்தரை முழு ஆவணங்களோடு தருபவர்களும் இருக்கிறார்கள். நான் கேட்காமல் வாங்கியதே பிழை. மூலப்பொருள்களுக்கு நான் செலவிட்ட 410 பவுண்டில் 190 பவுண்டு இப்படிப் பயன்படாமல் போனது.

கண்ணாடி மாளிகையின் மணத்துக்கு எனக்குக் கைகொடுத்தவற்றைச் சொல்கிறேன். நசுங்கிய இலைக்கு வயலட் இலை அப்சொல்யூட் (கரைப்பான் கொண்டு எடுத்த அடர்சாறு); வெள்ளரிக்காயை அறுத்ததுபோல் குளிர்ந்த பச்சை மணம், விலை அதிகம், ஆனால் மிகச் சிறிதளவே போதும். காம்பை ஒடித்தாற்போன்ற கசந்த பச்சைக்குக் கல்பனம் என்னும் பிசின். பெருங்காயம் தரும் அதே பேரினத்துச் செடி என்பதால் நம் மூக்குக்கு அது உடனே பழக்கப்பட்டதாகத் தோன்றும், அளவு மிஞ்சினால் சமையலறையாகவே ஆகிவிடும். ஆரஞ்சு மரத்தின் இலைக்கும் சுள்ளிக்கும் பெட்டிகிரேன். வேருக்கு வெட்டிவேர், உலகெங்கும் வாசனைக்காரர்கள் இதைத் தமிழ்ப் பெயராலேயே அழைக்கிறார்கள், விலைப்பட்டியலில் தேடச் சிரமமில்லை. பூவுக்குக் குண்டுமல்லி அப்சொல்யூட், எங்கோ தொலைவில் இருப்பதுபோல ஒரு சொட்டு நிழலாக.

இன்னொரு கண்ணி: சில தாவரங்கள் அழிவின் விளிம்பிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிக ஒப்பந்தமான சைட்டிஸின் பட்டியலில் உள்ளன. அகில், பிரேசிலின் ரோஸ்வுட், சடாமாஞ்சில் ஆகியவற்றை வெளிநாட்டிலிருந்து எண்ணெயாகத் தருவிக்க அனுமதிச்சீட்டு கேட்கப்படலாம். தொடக்கத்தில் இவற்றைத் தவிர்ப்பதே நல்லது. சீட்டு இருந்தாலும் காத்திருப்பு நீளும்.

4. கலவை: சொட்டை மறந்து எடையில் எழுதுங்கள்

சொட்டு அளவல்ல, கெட்டியான பிசினின் ஒரு சொட்டும் எலுமிச்சை எண்ணெயின் ஒரு சொட்டும் ஒரே எடை ஆகா. 0.01 கிராம் வரை காட்டும் தராசு கட்டாயம், 0.001 கிராம் காட்டுவது இருந்தால் இன்னும் நல்லது. வலிமையானவற்றை 10 விழுக்காடாகவும், கல்பனம் போன்றவற்றை 1 விழுக்காடாகவும் எத்தனாலில் நீர்த்து வைத்துக்கொண்டு கலவுங்கள். ஒவ்வொரு முயற்சிக்கும் எண்ணும் நாளும் இடுங்கள்.

இஃப்ராவின் உச்சவரம்பு குப்பிக்குள் போகும் முழுத் திரவியத்தின் மீது கணக்கிடப்படுகிறது, எத்தனால் சேர்க்குமுன் உள்ள நறுமணக் கலவையான உங்கள் செறிவின் மீது அன்று. 100 கிராம் திரவியத்தில் 15 கிராம் செறிவும் 85 கிராம் எத்தனாலும் இருப்பதாகக் கொள்வோம். பாசி மணத்துக்காக ஓக் பாசி அப்சொல்யூட் சேர்த்தால் அதன் வரம்பு திரவியத்தில் 0.1 விழுக்காடு, அதாவது 0.1 கிராம், உங்கள் 15 கிராம் செறிவில் அது ஏறத்தாழ 0.67 விழுக்காடு. அதுவும் அட்ரனால், குளோரோஅட்ரனால் என்னும் தடைசெய்யப்பட்ட இரு பொருள்களும் நீக்கப்பட்ட வகையாக இருக்க வேண்டும். பெர்கமோட் என்னும் எலுமிச்சை இனப் பழத்தின் தோலை அழுத்திப் பிழிந்த எண்ணெய் வெயிலில் நம் தோலைப் பாதிக்கக்கூடியது. அதற்குக் காரணமான பெர்கப்டீன் நீக்கியதை வாங்கினால் இந்தத் தலைவலி பெரும்பாலும் தீரும்.

"தாவர மூலம் மட்டும், ஆகவே பாதுகாப்பானது" என்ற எண்ணத்தை இந்தக் கட்டத்திலேயே கைவிடுங்கள். ஒரு செயற்கை மூலக்கூறு ஒரே பொருள்; ஓர் இயற்கை எண்ணெய் பல பத்துப் பொருள்களின் கூட்டம். லினலூல், லிமோனீன், ஜெரானியோல், சிட்ரல் என ஒவ்வாமைப் பட்டியலில் உள்ளவை பெரும்பாலான இயற்கை எண்ணெய்களில் இருக்கின்றன. விளம்பரத்தில் "ரசாயனம் அற்றது" என்று எழுதாதீர்கள். நிறுவ முடியாத கூற்று என்று அதைக் கேள்விக்குள்ளாக்க முடியும்.

5. எத்தனாலுக்கான அனுமதியை முன்கூட்டியே கேளுங்கள்

கடையில் கிடைக்கும் ஓட்கா உதவாது. அதில் 60 விழுக்காடு நீர், எண்ணெய் கரையாமல் கலங்கும், மதுவரியும் சேரும். வாசனைத் தொழிலுக்கு வரியில்லாமல் கிடைப்பது குடிக்கத் தகாததாக்கப்பட்ட, குறிப்பிட்ட தொழிலுக்கென ஒதுக்கிய எத்தனால். இதைப் பெற வரித்துறையான எச்.எம்.ஆர்.சி.யின் அனுமதி வேண்டும். என்ன செய்யப்போகிறீர்கள், ஆண்டுக்கு எவ்வளவு தேவை, எங்கே எப்படிப் பூட்டி வைப்பீர்கள் என்று விண்ணப்பத்தில் கேட்பார்கள்; அனுமதிக் கடிதத்தின் நகலை விற்பவரிடம் கொடுத்தால்தான் அவர் அனுப்புவார். கட்டணம் இல்லை. எனக்கு ஐந்து வாரங்கள் ஆயின, முதல் விண்ணப்பத்தில் சேமிப்பு இடத்தைத் தெளிவாக எழுதாததால் மேலும் இரண்டு வாரங்கள். வாங்கியதற்கும் பயன்படுத்தியதற்கும் கணக்கேடு வைக்க வேண்டும். கலவையைத் தொடங்கும் வாரத்திலேயே இதற்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

எத்தனால் அறை வெப்பத்திலேயே தீப்பற்றும் ஆவியைத் தருவது. வாடகை வீட்டில் செய்வதாக இருந்தால் வீட்டு உரிமையாளரிடமும் காப்பீட்டு நிறுவனத்திடமும் எழுத்தில் தெரிவியுங்கள். சொல்லாமல் விட்டால் விபத்து நேரும் நாளில் காப்பீடு செல்லாமல் போகலாம்.

6. ஊறவைத்தல், வடித்தல், நிலைப்புச் சோதனை

செறிவை எத்தனாலோடு கலந்து இருட்டான, குளிர்ந்த இடத்தில் நான்கு முதல் ஆறு வாரங்கள் வையுங்கள். பிறகு ஓரிரு நாள் குளிர்பெட்டியில் வைத்து, அடியில் படியும் மெழுகைக் குளிர்ந்த நிலையிலேயே வடிகட்டுங்கள்.

நிலைப்புச் சோதனைக்கு மூன்று மாதங்கள் ஒதுக்குங்கள்: ஒரு குப்பி அறை வெப்பத்தில், ஒன்று 40 பாகை செல்சியஸில், ஒன்று வெயில்படும் சன்னலில், ஒன்று குளிர்பெட்டியில். வாரந்தோறும் நிறம், தெளிவு, மணம் ஆகியவற்றைக் குறித்துப் படம் எடுங்கள். வயலட் இலையின் அழகிய பச்சை நிறம் என் சன்னல் குப்பியில் மூன்றே வாரங்களில் தேயிலைத் தண்ணீர் நிறமாயிற்று. அதனால் விற்பனைக் குப்பியை அடர்நிறக் கண்ணாடிக்கும் உறைப்பெட்டிக்கும் மாற்ற வேண்டியிருந்தது. விற்கப்போகும் அதே குப்பியிலும் அதே தெளிப்பானிலும் சோதியுங்கள். சில நெகிழிக் குழாய்களை எண்ணெய்கள் அரித்துவிடும்.

நுண்ணுயிர்களை வேண்டுமென்றே சேர்த்துப் பொருள் தாங்குகிறதா என்று பார்க்கும் நுண்ணுயிர்ச் சவால் சோதனைக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஆல்கஹால் 20 விழுக்காட்டுக்கு மேல் உள்ள பொருள் நுண்ணுயிர் அபாயம் குறைந்தது என்பது பன்னாட்டுத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ.வின் விதியிலேயே உள்ளது. இதைத் தெரியாமல் நான் ஓர் ஆய்வகத்தில் விலைப்புள்ளி வாங்கி, முன்பணமும் கட்டியிருந்தேன்.

7. பாதுகாப்பு மதிப்பீடும் கோப்பும்

சந்தைக்கு வரும் ஒவ்வொரு திரவியத்துக்கும் அழகுப்பொருள் பாதுகாப்பு அறிக்கை வேண்டும். முதற்பகுதி தகவல்களின் தொகுப்பு, இரண்டாம் பகுதி மதிப்பீட்டாளரின் முடிவும் கையொப்பமும். மருந்தியல், நச்சியல், மருத்துவம் அல்லது அவற்றையொத்த துறையில் பட்டம் பெற்றவரே கையொப்பமிட முடியும். நீங்களே எழுதிக்கொள்ள முடியாது. ஒரு மணத்துக்கு எனக்கு 280 பவுண்டு ஆயிற்று, தாள்கள் முழுமையாகப் போன இரண்டாம் முறை பத்து நாள்களில் முடிந்தது. பணம் கட்டுமுன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: சிறு திருத்தத்துக்குத் தனிக் கட்டணமா, மூலப்பொருள் விற்பவரை மாற்றினால் மறுமதிப்பீடு வேண்டுமா. இரண்டாவதற்குப் பெரும்பாலும் ஆம் என்றே பதில் வரும். ஆகவே ஒரே ஒரு வியாபாரியிடம் மட்டும் கிடைக்கும் அரிய எண்ணெயைக் கலவையின் முதுகெலும்பாக வைப்பது ஆபத்து.

இந்த அறிக்கை, செய்முறை, நல்ல உற்பத்தி நடைமுறைக்கான உறுதிமொழி, விலங்குகளில் சோதிக்கவில்லை என்ற விவரம், கூற்றுகளுக்கான சான்று ஆகியவை சேர்ந்ததே பொருள் தகவல் கோப்பு. கடைசித் தொகுதி சந்தைக்கு வந்த நாளிலிருந்து 10 ஆண்டுகள் அதை வைத்திருக்க வேண்டும். அதைக் காப்பவர் "பொறுப்பாளர்". பிரிட்டனில் முகவரி உள்ளவராக இருக்க வேண்டும். நீங்களே தயாரித்து உங்கள் பெயரில் விற்றால் அந்தப் பொறுப்பாளர் நீங்கள்தான். அந்த முகவரி லேபிளில் அச்சாகும். வீட்டில் தொழில் செய்பவரின் வீட்டு முகவரி வாங்கும் ஒவ்வொருவர் கைக்கும் போகும். அஞ்சல் பெட்டி எண்ணைப் போட்டுத் தப்ப நினைக்காதீர்கள், கோப்பு அந்த முகவரியில் அதிகாரிகள் பார்க்கக் கிடைக்க வேண்டும். எனக்கு இதில் தயக்கம் இருந்ததால் ஒரு சிறு பட்டறையில் பகிர்விடம் எடுத்தேன். எதிர்பாராத மாதச் செலவு அது.

8. அறிவிப்பும் லேபிளும்

விற்கத் தொடங்குமுன் அரசின் பொருள் பாதுகாப்பு அலுவலகம் அழகுப்பொருள்களைப் பதிய நடத்தும் எஸ்.சி.பி.என். இணையதளத்தில் அறிவிக்க வேண்டும். கட்டணம் இல்லை, தாள்கள் கையில் இருந்தால் ஒரு மாலைப்பொழுது போதும். இலவச மாதிரிக்கும் இது பொருந்தும்: வணிக நோக்கில் கொடுத்தால், பணம் வாங்காவிட்டாலும் அது சந்தையில் வைப்பதே. கிறிஸ்துமஸ் சந்தையில் சிறு குப்பிகளைச் சும்மா கொடுத்து ஆர்வத்தைப் பார்க்கலாம் என்று நானும் நினைத்திருந்தேன். நல்லவேளை, முந்தின வாரம் ஒருவர் தடுத்தார்.

லேபிளில் இருக்க வேண்டியவை: பொறுப்பாளரின் பெயரும் முகவரியும், அளவு, தொகுதி எண், எச்சரிக்கைகள், எதற்கான பொருள் என்பது, பொருள்களின் பட்டியல். 30 மாதங்களுக்கு மேல் கெடாதிருக்கும் பொருளுக்குக் காலாவதி நாளுக்குப் பதிலாகத் திறந்த டப்பாவின் குறியும் மாதங்களின் எண்ணிக்கையும் போடலாம். பட்டியலில் செடிகளின் பெயர்களை அழகாக வரிசைப்படுத்த முடியாது. ஆல்கஹால் டினாட் (குடிக்கத் தகாததாக்கிய எத்தனால்), பர்ஃபம் (நறுமணக் கலவை), ஆக்வா (நீர்) என்ற பன்னாட்டுப் பெயர்களோடு, 0.001 விழுக்காட்டைத் தாண்டும் ஒவ்வாமைப் பொருள்களைத் தனித்தனியே எழுத வேண்டும். அந்த அளவு 100 கிராம் திரவியத்தில் 1 மில்லிகிராம் மட்டுமே. ஆகவே தாவரத் திரவியத்தின் பட்டியல் எப்போதும் நீளும், லேபிளின் அளவை அதற்கேற்பத் தீர்மானியுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இந்தப் பட்டியலில் 50-க்கும் மேற்பட்ட பெயர்களைச் சேர்த்தது. அங்கே புதிய பொருள்களுக்கு 2026 ஜூலை 31 முதலும், ஏற்கெனவே விற்பனையில் இருப்பவற்றுக்கு 2028 ஜூலை 31 முதலும் அது கட்டாயம். அங்கே விற்க, அங்கே முகவரி உள்ள வேறொரு பொறுப்பாளரும் வேறொரு அறிவிப்பும் வேண்டும். முதல் ஆண்டில் அதைத் தொடாதீர்கள்.

எடையில் கலந்து கனஅளவில் விற்கிறீர்கள் என்பதையும் மறவாதீர்கள். திரவியம் நீரைவிட இலேசானது, 50 கிராம் கலவை 50 மில்லிலிட்டர் குப்பியில் அடங்காது.

9. அனுப்புவதும் அதற்குப் பிறகும்

வாசனைத் திரவியம் தீப்பற்றும் பொருளாகவே அஞ்சலில் கருதப்படுகிறது. ராயல் மெயில் உள்நாட்டில், 150 மில்லிலிட்டருக்கு மிகாத குப்பிகளை ஒரு பொதிக்கு நான்கு வரை, உரிய எச்சரிக்கை ஒட்டுச்சீட்டோடு ஏற்கிறது, வெளிநாட்டுக்கு ஏற்பதில்லை. கனடாவில் இருக்கும் அத்தைக்கு ஒன்று அனுப்பலாமே என்ற ஆசையையும் அடக்கிக்கொள்ள வேண்டும், பொதி வழியிலேயே அழிக்கப்படலாம். ஒட்டுச்சீட்டின் வடிவமும் விதிகளும் மாறுவதுண்டு, முதல் பொதிக்கு முன் அவர்கள் இணையதளத்தில் சரிபாருங்கள்.

பொருள் பொறுப்புக் காப்பீடு சட்டப்படி கட்டாயமில்லை என்றாலும், கைவினைச் சந்தை நடத்துபவர்கள் அதன் சான்று இல்லாமல் மேசை தருவதில்லை.

ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் ஒரு குப்பியை எண்ணிட்டு இருட்டில் வைத்துவிடுங்கள். யாராவது தோல் சிவந்ததாக எழுதினால், முதலில் பயன்பாட்டை நிறுத்தச் சொல்லுங்கள், தொகுதி எண்ணைக் கேளுங்கள், நாளிட்டுக் கோப்பில் பதியுங்கள். மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குக் கடுமையான பாதிப்பாக இருந்தால் தாமதமின்றி அதிகாரிகளுக்குத் தெரிவிப்பது பொறுப்பாளரின் கடமை. அந்தக் கடிதம் வரும் நாளில் நீங்கள் தேடப்போவது எடுத்துவைத்த அந்தக் குப்பியையும், எந்த வெட்டிவேர் எந்த வியாபாரியின் எந்தத் தொகுதியிலிருந்து வந்தது என்று குறித்த பக்கத்தையும்தான்.